கிணற்றில் எவ்வளவு நீர் உண்டு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வெங்காயம், மிளகாய், மரக்கறி ஆகிய கோடைப் பயிர்கள் யாவும் கிணற்று நீரையே நம்பி நிற்கின்றன. ஆயினும் ஒரு கிணற்றில் எவ்வளவு நீர் உண்டெனக் கேட்டால், "இரண்டு மணி நேரம் இறைக்கலாம்" என்று கூறும் கமக்காரரே பலர். இயந்திரத்தின் வலு மாறினால் அந்த இரண்டு மணி நேரத்தின் பொருளும் மாறிவிடும். நட்ட பயிர் வாடும்போது இக்குறை தெரியவருவதாற் பயனில்லை; நடுவதற்கு முன்னரே அளந்தறிதல் வேண்டும்.

இதற்கு வேண்டியவை அடிக்கணக்குக் குறித்த ஒரு கயிறும், அதன் நுனியிற் கட்டுவதற்கு ஒரு கல்லுமே. கிணற்றின் உட்சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, நடுவாகக் கயிற்றை இழுத்து விட்டத்தை அளத்தல் வேண்டும். கட்டின் தடிப்பையும் சேர்த்து அளப்பது பலரும் செய்யும் பிழை. பின்னர்க் கல்லை அடிவரை இறக்கி எடுத்தால், கயிறு நனைந்த நீளமே நீரின் ஆழமாகும். கல்லில் வெட்டிய கிணறுகளின் அடி சமமாயிராது; ஆகவே மூன்று நான்கு இடங்களில் இறக்கிச் சராசரியைக் கொள்க.

விட்டத்தை அதே எண்ணாற் பெருக்கி, வந்ததை ஆழத்தாற் பெருக்கி, அதனை 22 ஆற் பெருக்கினால் நீரின் அளவு லீற்றரிற் கிடைக்கும். வட்டமானது தன்னைச் சூழ அமையும் சதுரத்தின் 14 பங்கில் ஏறக்குறைய 11 பங்கு; ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 28 லீற்றர்; 28 இல் அப்பங்கே 22. சதுரக் கிணற்றுக்கும் சீமெந்துத் தொட்டிக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 28 ஆற் பெருக்குக.

விட்டம் 12 அடி, நீரின் ஆழம் 8 அடி எனக் கொள்வோம். 12 x 12 x 8 x 22 = 25,344 லீற்றர். தோட்டக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர் ஆதலால், ஒரு பரப்பில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்க ஏறக்குறைய 6,400 லீற்றர் வேண்டும். எனவே இக்கிணற்று நீர் 4 பரப்புக்குப் போதும் போலத் தோன்றும். ஆனால் இயந்திரம் சேற்றை உறிஞ்சாதிருக்க அடியில் 2 அடி நீரை விட்டுவைத்தால், எஞ்சுவது 19,008 லீற்றரே. அது 3 பரப்புக்கும் சற்றுக் குறைவு. மண் வாய்க்காலில் ஊறிப்போவது வேறு.

கிணறு தொட்டி அன்று; ஊற்றும் உண்டு. இறைப்பை நிறுத்தியவுடன் நீர்மட்டத்தைச் சுவரிற் குறித்து, ஒரு மணி நேரத்தின் பின் பார்க்க. மேற்கூறிய கிணற்றில் அரை அடி ஏறியிருப்பின், மணிக்கு 1,584 லீற்றர் ஊறுகிறது. ஒரு பரப்புக்கு ஓர் அங்குல நீர் சேர நான்கு மணி நேரமாகும். 8 அடிக் கிணற்றை 12 அடியாக அகட்டினால் தேங்கும் நீர் இரண்டேகால் மடங்காகும். ஊற்றோ அவ்வளவுக்குப் பெருகாது. பெருஞ்செலவில் அகட்ட எண்ணுவோர் இதனை முதலில் நினைத்தல் நன்று.

மாரியில் உயரும் நீர்மட்டம் ஆடி, ஆவணியில் மிகத் தாழும். தை மாதத்து அளவை நம்பி நடுகைப் பரப்பைத் தீர்மானித்தலாகாது. சென்ற கோடையிற் கண்ட மிகக் குறைந்த அளவே கணக்குக்கு உரியது. மாதந்தோறும் அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வருவோருக்கு இது எளிதிற் கிடைக்கும்.

கரையோரக் கிணறுகளில் வேறோர் இடரும் உண்டு. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களில் நிற்கும் நன்னீர், பாரங்கூடிய கடல்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், அதன் கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டென்பது பொதுக்கணக்கு. மேல்மட்டம் நெடுநாள் ஓர் அடி தாழ்ந்திருப்பின், உவர்நீரும் அவ்வளவுக்கு மேலெழக் கூடும். அயற் கிணறுகளும் கெடும். ஆகையால் அத்தகைய இடங்களில் ஒரே மூச்சில் இறைக்காது, காலையும் மாலையுமாகப் பகிர்ந்து, ஊறிய அளவை மட்டுமே எடுத்தல் வேண்டும். நீர் உவர்க்கத் தொடங்கினால் இறைப்பைக் குறைத்து, ஒரு போத்தல் நீரை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.