வேகம் இருந்தும் எட்டாத பட்டம்



விரைந்து ஓடுபவரே வெல்வார் என்பது சிறுபிள்ளையும் அறிந்த கணக்கு. அக்கணக்கைப் பொய்யாக்கிய கார் ஒன்றைப் பற்றி இவ்வாரம் எண்ணிப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டு போர்மியூலா வன் தொடரில் மக்லாரன் அணி களமிறக்கிய எம்.பி.4-20 என்பதே அது. அவ்வாண்டின் 19 பந்தயங்களில் 10இல் அது வென்றது. ரெனோல்ட் அணியின் கார் வென்றதோ 8இல் மட்டுமே. ஆயினும் ஓட்டுநருக்கான சம்பியன் பட்டமும் அணிக்கான பட்டமும் ரெனோல்ட்டையே சென்றடைந்தன.

காற்றின் போக்கறிந்து கார்களை வடிவமைப்பதில் வல்லவரான ஏட்ரியன் நியூவியின் மேற்பார்வையில் உருவான காருக்கு வேகத்தில் குறையிருக்கவில்லை. ஆனால் அவ்வாண்டின் விதிகள் வேகத்துடன் நின்றுபிடிக்கும் ஆற்றலையும் சோதித்தன. ஓர் இயந்திரம் இரு பந்தயங்களுக்கு உழைக்க வேண்டும். தவறினால் புறப்படும் வரிசையில் 10 இடங்கள் பின்தள்ளப்படும். இத்தாலியின் மொன்சாவில் தகுதிச் சுற்றில் யாவரையும் முந்திய கிமி ராய்க்கோனன், இவ்விதியால் 11ஆம் இடத்திலிருந்தே புறப்பட்டார். ஒரே தொகுதி ரயர்களுடன் பந்தயம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பதும் அவ்வாண்டின் விதி.

இவ்விதி எத்தகைய நெருக்கடியைத் தரும் என்பதை மே 29ஆம் திகதி ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்கில் உலகம் கண்டது. ராய்க்கோனன் முன்னணியில் இருந்தார். பின்தங்கிய காரொன்றைக் கடக்கையில் சில்லு சுழலாது இழுபட, முன்புற வலது ரயரின் ஒரு பகுதி தேய்ந்து தட்டையானது. சுற்றுக்குச் சுற்று அதிர்வு கூடியது; தொலைக்காட்சியில் பார்த்தோருக்கும் அது தெரிந்தது. ஆபத்தான ரயரை மாற்ற விதியில் இடமிருந்தது. ஆனால் நிறுத்தினால் முதலிடம் போய்விடும். தொடர்ந்து ஓடுவதென முடிவாயிற்று. இறுதிச் சுற்றின் முதல் வளைவில் சில்லைத் தாங்கிய தண்டுகள் முறிந்தன. கட்டுப்பாடிழந்த கார் ஜென்சன் பட்டனின் காரை மயிரிழையில் தவிர்த்துச் சென்றது. ராய்க்கோனன் காயமின்றித் தப்பினார்.

துணிச்சல் என்று பலர் இதனைப் போற்றினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்தப் பணயத்தில் தம் சம்மதமின்றியே சேர்க்கப்பட்ட இன்னொரு மனிதரும் அப்பாதையில் இருந்தார் அல்லவா?

அன்று வென்றவர் ரெனோல்ட்டின் பெர்னாண்டோ அலோன்சோ. முன்னதாக இமோலாவில் முன்னணியில் இருந்தபோது, சில்லுக்கு விசையைக் கடத்தும் தண்டு பழுதாகி ராய்க்கோனன் விலகினார். பின்னர் ஹொக்கன்ஹைமில் ஹைட்ரோலிக் தொகுதி கைவிட்டது. அவ்விரண்டிலும் வென்றவர் அலோன்சோவே. முதலிடத்திற்கு 10 புள்ளிகள், இரண்டாமிடத்திற்கு 8. அம்மூன்றிலும் ராய்க்கோனன் வென்று, அலோன்சோ இரண்டாவதாக வந்திருந்தால் இடைவெளி 36 புள்ளிகளால் மாறியிருக்கும். இறுதியில் அலோன்சோ 133, ராய்க்கோனன் 112. வேறுபாடு 21 மட்டுமே. அணிகளுக்கான பட்டமோ 191க்கு 182 என 9 புள்ளிகளில் நழுவியது.

இதனால் அலோன்சோவின் வெற்றியை வெறும் அதிர்ஷ்டம் என்பது நியாயமாகாது. அவர் புறப்பட்ட பந்தயங்களில் இடைநடுவில் விலகியது ஒன்றில் மட்டுமே. அதுவும் கனடாவில் தாமே சுவரில் மோதியதால்.

பட்டம் கைநழுவிய பின்னரே அக்காரின் மிகச் சிறந்த ஓட்டம் நிகழ்ந்தது. ஜப்பானின் சுசுகாவில் 17ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட ராய்க்கோனன், இறுதிச் சுற்றில் ஜியான்கார்லோ பிசிகெல்லாவை முந்தி வென்றார். அவருக்குச் சம்பியன் பட்டம் 2007இல், பெராரி அணியில், ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் கிட்டியது. அன்று அவருக்கு அடுத்து நின்ற இருவரும் மக்லாரன் ஓட்டுநர்கள். அவர்களில் ஒருவர் அலோன்சோ.