வலிக்கு எத்தனை சதவீதம்?

புது தில்லி: ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரிவதில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இயல்பாகவே இருக்கின்றன. ஆனாலும் உடம்பு முழுவதும் வலி. உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. எடுத்த வேலையில் கவனம் நிலைக்காத தடுமாற்றம். ஃபைப்ரோமயால்ஜியா எனப்படும் இந்த நோய்க்கு ஆளானவர்கள், தாங்கள் நோயாளிகள்தான் என்பதை நிரூபிக்கவே ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியுள்ளது. அப்படி நிரூபித்த பிறகும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் எண்ணிக்கை 21 ஆக உயர்த்தப்பட்டது. தலசீமியா, ஹீமோஃபிலியா, பார்க்கின்சன் போன்றவை முதன்முறையாக இடம்பெற்றன. ஃபைப்ரோமயால்ஜியா அந்தப் பட்டியலில் இல்லை.

அளவுகோலின் வரலாறு

நோயின் கடுமையை எப்படி அளப்பது என்பதில் மருத்துவ உலகமே பலமுறை தனது கருத்தை மாற்றிக் கொண்டுள்ளது. அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி 1990-ல் வெளியிட்ட வரையறையின்படி, உடலில் குறிப்பிட்ட 18 இடங்களை மருத்துவர் சுமார் 4 கிலோ அழுத்தத்தில் விரலால் அழுத்திப் பார்ப்பார். அவற்றில் 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. 11 என்றால் நோயாளி, 10 என்றால் நோயாளி அல்ல என்பது போன்ற நிலை. களைப்புக்கும் தூக்கமின்மைக்கும் அதில் மதிப்பெண்ணே கிடையாது.

2010-ல் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது இரண்டு மதிப்பெண்கள். முதலாவது, கடந்த ஒரு வாரத்தில் உடலின் 19 பகுதிகளில் எத்தனையில் வலி இருந்தது என்பது. இரண்டாவது, அறிகுறிகளின் கடுமை. களைப்பு, புத்துணர்வு தராத உறக்கம், சிந்தனைத் தடுமாற்றம் ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலி, வயிற்றுவலி, மனச்சோர்வு போன்றவற்றையும் சேர்த்தால் அதிகபட்சம் 12.

2016-ல் மேலும் ஒரு திருத்தம் வந்தது. வலி உடலின் ஐந்து பிரதேசங்களில் நான்கிலாவது இருக்க வேண்டும். மூன்று மாதங்கள் நீடிக்க வேண்டும். வேறொரு நோய் இருக்கிறது என்பதற்காக ஃபைப்ரோமயால்ஜியாவை மறுக்கக் கூடாது என்றும் தெளிவுபடுத்தப்பட்டது.

இரண்டு மதிப்பெண்களையும் கூட்டினால் 0 முதல் 31 வரையிலான ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இதைக் கொண்டு ஆய்வாளர்கள் நோயாளிகளை வகைப்படுத்தியுள்ளனர். 4 முதல் 7 வரை லேசானது. 8 முதல் 11 வரை மிதமானது. 12 முதல் 19 வரை கடுமையானது. 20-ம் அதற்கு மேலும் மிகக் கடுமையானது. அன்றாட வேலைகள் எந்த அளவுக்குத் தடைப்படுகின்றன என்பதைக் கேட்டறியும் தனி வினாத்தாள் ஒன்றும் 1991 முதல் பயன்பாட்டில் உள்ளது. அதில் 100-க்கு 59 அல்லது அதற்கு மேல் பெறுபவர்கள் கடுமையான பாதிப்புக்கு ஆளானவர்களாகக் கருதப்படுகின்றனர்.

அளவுகோல் மாறியபோது நோயாளியும் மாறினார். விரலால் அழுத்திப் பார்த்த காலத்தில் இந்நோயாளிகளில் பெரும்பாலோர், பத்தில் ஒன்பது பேர் வரை, பெண்கள் எனக் கருதப்பட்டது. மருத்துவரின் விரலை விலக்கிவிட்டு, பொதுமக்களிடம் கேள்விகளை மட்டும் கேட்டு நடத்திய ஆய்வுகளில் ஆண் - பெண் இடைவெளி வெகுவாகக் குறைந்தது. "பெண்களின் மனப்பிரமை" என்று இந்த நோய் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டதற்கு அளக்கும் முறையும் ஒரு காரணம் என்பதை இது உணர்த்துகிறது.

நாற்பது என்ற எல்லைக்கோடு

இந்தியச் சட்டம் சதவீதத்தில் பேசுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவருக்கே அரசுப் பணியில் 4 சதவீத, உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டின் கதவு திறக்கும். கை, கால் இயக்கக் குறைபாட்டை அளக்கும் முறை மூட்டு எவ்வளவு தூரம் அசைகிறது, தசைக்கு எவ்வளவு வலு உள்ளது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. ஃபைப்ரோமயால்ஜியா நோயாளியின் மூட்டு அசையும். தசையிலும் சிதைவு இருக்காது. அசைக்கும்போது எழும் வேதனைக்கும், அசைத்த பிறகு படுக்கையில் கழியும் இரண்டு நாள்களுக்கும் அந்தப் படிவத்தில் இடமில்லை.

வலியைக் கணக்கிட அரசுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2001 ஜூனில் அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் கால் குறைபாட்டுக்கான பகுதியில் வலிக்குக் கூடுதல் மதிப்பெண் இருந்தது. லேசான வலிக்கு 3, மிதமான வலிக்கு 6, செயல்பாட்டைப் பெரிதும் தடுக்கும் கடுமையான வலிக்கு 9 சதவீதம். அதாவது, வலியைக் கடுமையின்படி வகைப்படுத்தலாம் என்பதைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அது வேறொரு குறைபாட்டுக்குத் துணையாக வரும் வலியாக இருக்க வேண்டும். வலியே நோயாக இருந்தால் கணக்கில் வராது.

வெளிநாடுகளில்

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2009 ஜனவரியில் ஃபைப்ரோமயால்ஜியா குறித்துத் தனிப் பிரகடனம் வெளியிட்டு, இதனை ஒரு நோயாக அங்கீகரிக்குமாறு வலியுறுத்தியது. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 2012-ல் பிறப்பித்த விதியின்படி, இந்நோயால் வேலை செய்ய இயலாதவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஒருநாள் பரிசோதனை போதாது. நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வரும் என்பதால் நீண்டகால மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த விதி. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியலும் ஃபைப்ரோமயால்ஜியாவை நாள்பட்ட பரவலான வலியின் கீழ் வைத்து, கடுமையைத் தனியே குறிக்க வழி செய்துள்ளது.

சட்டத்தில் உள்ள வழி

இந்தியாவில் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்த்துக்கொள்ளலாம் என 2016 சட்டத்தின் அட்டவணையிலேயே இடம் விடப்பட்டுள்ளது. ஓர் அரசு அறிவிக்கை போதும்.

சதவீதத்தை மட்டுமே பிடித்துக் கொண்டிருக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் உணர்த்தியுள்ளது. எழுதும்போது கை இறுகிப் போகும் பாதிப்பு கொண்ட தேர்வர் ஒருவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பில், எழுத்தர் உதவி பெற 40 சதவீதக் குறைபாடு கட்டாயமில்லை என்று நீதிமன்றம் கூறியது. மருத்துவப் படிப்பு தொடர்பான வழக்கில் 2024 அக்டோபரில், சதவீத எண்ணை மட்டும் பாராமல் செயல்திறனை மதிப்பிட வேண்டும் என்று அறிவுறுத்தியது.

தயக்கத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. நோயாளி சொல்வதையே ஆதாரமாகக் கொள்ளும் அளவுகோலில் முறைகேடு நுழையலாம் என்ற அச்சம் உண்டு. ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரி ஒருவரின் சான்றிதழ் குறித்து 2024-ல் எழுந்த சர்ச்சை அந்த அச்சத்தை அதிகரித்தது. மேலும், மருத்துவ ஆய்வுக்காக உருவான மதிப்பெண்ணை அப்படியே சலுகைக்கான சதவீதமாக மாற்றிவிட முடியாது. ஆனால் ஒரே நாளில் ஒரே அறையில் வழங்கப்படும் சான்றிதழைவிட, மாதக்கணக்கான சிகிச்சைப் பதிவேடு ஏமாற்றுவதற்குக் கடினமானது.

ஒதுக்கீடு என்ற பெரிய கேள்விக்கு முன்பாகச் சிறிய கேள்விகள் பல உள்ளன. இருக்கையை மாற்றித் தருவது, பணிநேரத்தைத் தளர்த்துவது, தேர்வில் கூடுதல் நேரம் அளிப்பது ஆகியவற்றுக்கு அரசு பெரிதாகச் செலவிட வேண்டியதில்லை. நீண்டகாலக் குறைபாட்டால் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாதவரே மாற்றுத் திறனாளி என்கிறது சட்டத்தின் பொது வரையறை. அதில் சதவீதம் இல்லை. பணியில் இருக்கும்போது குறைபாட்டுக்கு ஆளாகும் அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆனால் அலுவலகங்கள் கேட்பது சான்றிதழை. பட்டியலில் இல்லாத நோய்க்கு அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை.

வரையறையில் இடம் கொடுத்துவிட்டு, பட்டியலில் இடம் மறுக்கும் இந்த முரண்பாட்டை நீக்கும் அதிகாரம் மத்திய சமூக நீதி அமைச்சகத்திடமே இருக்கிறது.