முன்னச்சின் ஓசை

உப்பு வாணிகம் செய்த உமணர் தம் சகடத்தின் அச்சுக்குக் கீழே வேறோர் அச்சையும் பிணைத்துச் சென்றனர் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. அதனைச் சேம அச்சு என்பர். ஒளவையார் அதனை ஒரு தலைவனுக்கு உவமையாக்கியுள்ளார். வழியிடையில் அச்சு முறியின் பண்டமும் பகடும் அங்கேயே நின்றுவிடும். ஆதலின் முறிவதற்கு முன்னரே மாற்றைத் தேடிக்கொண்ட அவர்தம் முன்னறிவு பெரிது. நெடுங்காலம் உப்பு விளைந்த கோவளம், கேளம்பாக்கம், திருப்போரூர்ப் பகுதியில் இன்று சுமை கொண்டு செல்வன லாரிகளே. லாரிக்கு மாற்றுச் சக்கரம் உண்டு. மாற்று அச்சு இல்லை. ஆயினும் நான்கு சக்கரங்களும் விசையால் இயங்கும் லாரியின் முன்னச்சு, பழுதுற்று நிற்பதற்கு முன் பெரும்பாலும் பலநாள் ஓசையிட்டு அறிவிக்கின்றது. அவ்வோசையின் பொருளை உணர்வது எவ்வாறு என்பதே ஈண்டுக் கூறப்புகுவது.

என் தாய்மாமன் நெம்மேலிப் பக்கத்தில் இறால் பண்ணைகளுக்குத் தீனியும் பனிக்கட்டியும் ஏற்றிச் செல்பவர். அவருடைய பழைய சிறு லாரி நாற்சக்கர விசையுடையது. சென்ற ஆண்டு அதன் முன்புறத்தில் ஒரு முரலொலி எழுந்தது. ஒரு பட்டறையார், முன் டிபரன்ஷியலை முழுதும் மாற்றவேண்டும் என்றனர். அதற்காகும் தொகை மாமாவின் பல மாத வருவாய்க்கு ஈடாயிருந்தது. கடன் வாங்கும் எண்ணத்துடன் அவர் திரும்பிய பொழுது, முதிய மெக்கானிக் ஒருவர் வண்டியில் உடன் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் வந்தார். கருவி ஒன்றையும் அவர் கையில் எடுக்கவில்லை. சில வினாக்களையே வினவினார். பழுது வலது முன்சக்கரத்தின் ஹப் பேரிங்கில் இருந்தது. யான் வியந்து நோக்கவே, “சத்தம் எங்கேன்னு தேடாதே தம்பி, எப்போ வருதுன்னு பாரு” என்றார். இக்கட்டுரைக்கு வித்து அச்சொல்லே.

ஓசையை ஆராயுமுன் விசை செல்லும் வழியை அறிதல் வேண்டும். எஞ்சினில் பிறந்த விசை கிளட்சு, கியர்ப் பெட்டி என்பவற்றைக் கடந்து டிரான்ஸ்பர் பெட்டியை அடைகின்றது. அங்கே அது இரண்டாகப் பிரிந்து, ஒரு நீண்ட தண்டின் வழியே பின்னச்சுக்கும், மற்றொரு தண்டின் வழியே முன்னச்சுக்கும் செல்கின்றது. முன்னச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியலில் கிரவுன், பினியன் என்னும் பற்சக்கரங்கள் விசையின் திசையைத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, இடவலச் சக்கரங்களுக்குப் பகிர்ந்து அளிக்கின்றன. அங்கிருந்து இரு குறுந்தண்டுகள் ஹப் பேரிங்கைத் துளைத்துச் சென்று சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பின்சக்கரம் சுழன்றால் மட்டும் போதும். முன்சக்கரமோ சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். முன்னச்சின் தொல்லைகளிற் பெரும்பகுதி இவ்விரட்டைக் கடமையாற் பிறப்பது.

சாய்ந்த இரு தண்டுகளை இணைக்கும் சிலுவை வடிவான இணைப்பை நம் பட்டறைகளிற் கிராஸ் என்பர். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான கார்டானோவும், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கும் இதனோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகின்றனர். இதற்கு ஒரு குறை உண்டு. இணைப்பு 30 பாகை சாய்ந்திருக்கும்போது முதல் தண்டு நிமிடத்திற்கு 100 சுற்று என்னும் சீரான வேகத்திற் சுழன்றாலும், இரண்டாம் தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 87க்கும் 115க்கும் இடையே ஏறி இறங்கும். திருப்பும் சக்கரத்திற்கு இத்துடிப்பு ஆகாது. ஆதலின் எச்சாய்விலும் வேகம் மாறாத இணைப்புகளை அறிஞர் தேடினர். 1920களில் ஆல்பிரட் ரெசெப்பா என்பவர் குழிகளில் உருளும் எஃகுக் குண்டுகளால் அமைந்த இணைப்பை வகுத்தார். இன்று பெரும்பாலான சிறு லாரிகளின் முன்தண்டில் வெளிப்புறத்தே காணப்படும் சிவி ஜாயிண்ட் அதன் வழிவந்ததே. அதனுள் கிரீஸ் நிறைந்திருக்கும். புறத்தே மடிப்பு மடிப்பான ரப்பர் உறை மூடியிருக்கும்.

இனி அம்முதியவரின் வினாக்களைக் காண்போம்.

முதல் வினா: வண்டி திரும்பும்போது ஓசை மாறுகின்றதா? ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து மெல்ல வட்டமிடும்போது ‘டக் டக்’ என்று எழுந்து, நேரே செல்லும்போது அடங்குமாயின், வெளி சிவி ஜாயிண்டின் குண்டுகளும் குழிகளும் தேய்ந்தன எனக் கொள்ளலாம். அதற்கு மாறாக, நேர்வழியில் வேகத்தோடு வளரும் முரலொலி, ஒருபுறம் வளையும்போது மிகுந்து மறுபுறம் வளையும்போது தணியுமாயின் ஹப் பேரிங்கை ஐயுறல் வேண்டும். இடப்புறம் வளையும் வண்டியின் சுமை வலச் சக்கரத்தின்மேற் சாயும்; ஆதலின் இடப்புறம் வளையும்போது மிகும் ஓசை வலப்புறப் பேரிங்கினது. மாமாவின் வண்டியில் நேர்ந்தது இதுவே.

இரண்டாம் வினா: விசை கொடுக்கும்போதா, விசையை விடும்போதா? புறப்படும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதும் ‘டொக்’ என்று ஒருமுறை இடிப்பது எங்கோ தளர்ச்சியுண்டு என்பதன் அறிகுறி; கிராஸ், உள் ஜாயிண்ட், பற்சக்கரங்களின் இடைவெளி ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். கிரீஸ் வற்றிய கிராஸ், மெதுவாகச் செல்லும்போது சிட்டுக்குருவிபோற் கீச்சிடும். அதன் மூடியோரத்திற் செந்நிறத் துருத்தூள் படிந்திருக்கும். விசை கொடுக்கையில் ஊளையிட்டு, விடுகையில் அவ்வூளையின் தன்மை மாறுமாயின், கிரவுன், பினியன் பற்களையோ அவற்றைத் தாங்கும் பேரிங்குகளையோ சுட்டும். ஹப் பேரிங்கின் முரலொலிக்கு இவ்வேறுபாடு பெரும்பாலும் இல்லை.

மூன்றாம் வினா: ஓசை எத்துணை விரைவாக மீண்டும் மீண்டும் எழுகின்றது? சக்கரத்தின் குறுக்களவு 75 சென்டிமீட்டர் எனின் சுற்றளவு ஏறத்தாழ 2.36 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு 1,000 மீட்டர் செல்லும் வண்டியில் சக்கரம் சற்றொப்ப 424 முறை சுழலும். டிபரன்ஷியலின் விகிதம் 4க்கு 1 எனின் நீண்ட தண்டு அதே நேரத்தில் 1,700 முறை சுழலும். அதாவது நொடிக்குச் சக்கரம் 7 சுற்று, தண்டு 28 சுற்று. சாய்வு மிக்க கிராஸின் துடிப்பு அதனினும் இருமடங்கு. மணிக்கு 15 கிலோமீட்டரில் சக்கரத்தின் சுற்று நொடிக்கு இரண்டுக்கும் குறைவு. அதனை வாய்விட்டு எண்ணலாம். எண்ணத்தக்க ஓசை சக்கரத்தையும், எண்ண இயலாத அதிர்வு தண்டையும் சுட்டும்.

நான்காம் வினா: நாற்சக்கர விசையைப் பூட்டியபோது மட்டும் எழுகின்றதா? ஆமெனின் டிரான்ஸ்பர் பெட்டி, முன்தண்டு, முன் டிபரன்ஷியல் ஆகியவற்றை முதலில் ஆராய்க. எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களினும் நெடிய வழியிற் செல்கின்றன. நடு டிபரன்ஷியல் இல்லாத வண்டியில் முன்பின் தண்டுகள் ஒரே வேகத்திற் பூட்டப்பட்டிருத்தலின், உலர்ந்த தார்ச்சாலையில் திரும்பும்போது தண்டுகள் முறுக்கேறி, வண்டி திணறித் துள்ளும். இது பழுதன்று, பயன்படுத்தும் முறையின் பிழை. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அம்முறுக்கைத் தளர்த்திவிடும். ஆனால் தார்ச்சாலையில் இவ்வாறே ஓட்டி வருவோர்க்கு இல்லாத பழுது உண்டாகும். முன்பின் டயர்களின் அளவு வேறுபடினும் இக்கேடே விளையும்.

வினாக்கள் முடிந்தபின் கையாற் சோதித்தல் வேண்டும். சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பற்றி அசைத்தால் பேரிங்கின் ஆட்டம் புலப்படும். அசைவு பந்துமூட்டிலிருந்து வருகின்றதா என்பதையும் உடன் நோக்குக. தண்டைப் பற்றி முறுக்கினால் கிராஸின் தளர்ச்சி தெரியும். டிபரன்ஷியல் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தல் மிகச் சிறந்த சான்று: நுண்ணிய சாம்பற் குழம்பு இயல்பான தேய்வு, எஃகுச் சில்லுகள் பற்கள் உடைந்தமைக்கு அறிகுறி, பால்நிறம் நீர் புகுந்தமைக்கு அறிகுறி. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். நாற்சக்கர விசையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றி எஞ்சினை ஓட்டலாகாது. தரையிலுள்ள சக்கரங்கள் விசைபெற்று வண்டியை ஜாக்கியினின்று தள்ளிவிடும். கீழே கிடப்பவன் உயிர் போகும்.

இப்பழுதுகளின் தோற்றுவாய் நம் நிலத்திலேயே உள்ளது. திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குச் செல்லும் வழி பக்கிங்காம் கால்வாயையும் உவர்நிலத்தையும் கடப்பது. பண்ணைகளுக்குச் செல்லும் மண்பாதைகளில் மழைக்காலத்தில் உவர்நீர் தேங்கும். நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய அச்சு அந்நீரில் மூழ்கும்போது அதனுள்ளிருக்கும் காற்று திடீரெனச் சுருங்கும். மேலேயுள்ள காற்றுக்குழாய் அடைபட்டிருப்பின், அச்சு எண்ணெய்த்தடுப்புகளின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் உறையிற் சிறு கிழிசல் இருப்பினும் கிரீஸ் வெளியே சிதறி, மணல் உள்ளே புகுந்து எஃகுக் குண்டுகளை அரைத்துவிடும். உறையின் விலை சிறிது. ஜாயிண்டின் விலை பெரிது. ஆகவே உவர்நீரிற் சென்ற வண்டியை அன்றே நன்னீரால் கழுவுதலும், உறைகளைத் தடவிப் பார்த்தலும், காற்றுக்குழாயைத் திறந்து வைத்தலும், எண்ணெயை வேளையறிந்து மாற்றுதலும் இப்பக்கத்தார்க்கு இன்றியமையாதன.

செங்கற்பட்டு வட்டாரம் மோட்டார்த் தொழிலுக்கு அயலானதன்று. மகிந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் செங்கற்பட்டை அடுத்து 2012இல் திறக்கப்பட்டது. மறைமலைநகர் போர்டு தொழிற்சாலையில் நாற்சக்கர விசையுள்ள எண்டெவர் வண்டிகள் செய்யப்பட்டன; அங்கே உற்பத்தி 2022இல் நின்றது. தொழிற்சாலை நின்றாலும் அதிற் பிறந்த வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வண்டி பழையதாகுந்தோறும், எது பழுது என்று சரியாக அறிந்து கூறுபவரின் தேவை மிகுகின்றது. பழுதை அறியாது பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, நோயை அறியாது மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பதை ஒக்கும். இரண்டிலும் செலவு வறியவனுடையது.

மாமாவின் வண்டிக்குப் பேரிங் மாற்றும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. அவர் இப்போது ஓட்டுநர் இருக்கையருகே ஒரு சிறு குறிப்பேடு வைத்துள்ளார். புதிய ஓசை கேட்ட நாள், வேகம், திரும்பிய திசை, விசை கொடுத்ததா விட்டதா, நாற்சக்கர விசை பூட்டியிருந்ததா என்னும் ஐந்தையும் அதில் எழுதுகின்றார். பட்டறைக்குச் செல்லும்போது அவ்வேட்டையே முதலில் நீட்டுகின்றார். உமணர் கொண்டு சென்ற சேம அச்சுக்கு ஈடாக இன்று நாம் கொண்டு செல்லத்தக்கது அத்தகைய குறிப்பேடு ஒன்றே.