துயரத்தைத் தடுக்க முடியாதபோதும் நல்லதைக் கூட்டலாம்: பிள்ளைப் பருவமும் இளைஞர் மனநலமும்

அறந்தாங்கி வட்டாரத்தில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்க்க, அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் வளரும் பிள்ளைகள் ஏராளம். கடலுக்குப் போன அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிறார் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததைப் பத்து வயதில் பார்த்தவர்கள் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். "சின்னப் புள்ளைதானே, மறந்துரும்" என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவ ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன.

பத்து வகைத் துயரங்கள்

அமெரிக்க மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் சான் டியாகோவில் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் சிறுவயதைப் பற்றிக் கேட்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 1998 முதல் வெளிவந்தன. அடி, வசை, பாலியல் சீண்டல், உணவும் கவனிப்பும் இல்லாமை, அன்பு கிடைக்காமை, அம்மா அடி வாங்குவதைப் பார்ப்பது, வீட்டில் குடி, மனநோய், பெற்றோர் பிரிவு, குடும்பத்தில் ஒருவர் சிறை செல்வது எனப் பத்து வகைகளை அவர்கள் கணக்கிட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட மதுப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்குவரை இருந்தது.

இது வெளிநாட்டுச் சேதி என்று ஒதுக்க முடியாது. 2007இல் இந்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில், மூவரில் இருவர் அடி வாங்கியிருந்தார்கள்.

உடம்புக்குள் நடப்பது

பயம் வந்தால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். ஆபத்து விலகியதும் தணியும். தினமும் பயந்து வாழும் பிள்ளைக்கு அது தணிய நேரமே கிடைப்பதில்லை. மூளையில் பயத்தை உணரும் பகுதி எப்போதும் விழிப்பாகவே இருக்கப் பழகுகிறது. நிதானமாக யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். தூக்கமின்மை, சட்டென்று பொங்கும் கோபம், யாரையும் நம்ப முடியாமை, தன்னையே வெறுப்பது என இளைஞர்களிடம் நாம் காண்பவற்றில் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கலாம். அதைத் திமிர் என்று திட்டுவது காயத்தின் மேல் காயம்.

நல்லதற்குத் தனிக் கணக்கு

நம்பிக்கை தரும் ஆய்வு 2019இல் வந்தது. கிறிஸ்டினா பெத்தெல் குழுவினர் விஸ்கான்சின் மாநிலத்தில் 6,188 பெரியவர்கள் தங்கள் சிறுவயதின் ஏழு நல்ல அனுபவங்களைப் பற்றி அளித்த பதில்களை ஆராய்ந்தார்கள்: மனதில் உள்ளதை வீட்டில் பேச முடிந்ததா, கஷ்டத்தில் குடும்பம் துணை நின்றதா, வீட்டில் பாதுகாப்பாக உணர்ந்தார்களா, பள்ளி தன் இடம் என்று தோன்றியதா, நண்பர்கள் இருந்தார்களா, ஊர் வழக்கங்களில் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டார்களா, பெற்றோர் தவிர இரண்டு பெரியவர்களாவது அக்கறை காட்டினார்களா. ஆறேழு கிடைத்தவர்களுக்கு, இரண்டோ அதற்குக் குறைவோ கிடைத்தவர்களைவிட மனச்சோர்வு அல்லது மனநலக் குறைவுக்கான வாய்ப்பு 72 சதவீதம் குறைவு. துயரங்கள் பல பட்டவர்களிடமும் இந்தப் பலன் தெரிந்தது.

நம் கையில் உள்ளவை

புயலை நாம் தடுக்க முடியாது. அப்பாவின் வெளிநாட்டு வேலையை உடனே விடச் சொல்லவும் முடியாது. இவற்றைச் செய்யலாம்:

• வீடியோ காலில் மார்க்கை மட்டும் கேட்காமல், "இன்னைக்கு யாரோட விளையாடுன?" என்று கேளுங்கள்.

• முளைப்பாரி, மது எடுப்புத் திருவிழா, கந்தூரி, பொங்கல் விளையாட்டு என ஊர் கூடும் இடத்தில் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

• மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, ஆசிரியர், பயிற்சியாளர் என்று யாராக இருந்தாலும், உங்கள் கண்ணில் படும் ஒரு பிள்ளைக்கு அந்த இரண்டு பெரியவர்களில் ஒருவராக இருங்கள்.

• அடிக்காதீர்கள். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடை செய்துவிட்டது.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டால், எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, தாமதிக்காதீர்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இலவசம்; தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104க்கும் அழைக்கலாம். குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098. நேரில் காட்ட, அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.

சிறுவயதில் பட்டது எதுவும் உங்கள் தவறில்லை, தம்பி தங்கைகளே. நம்பும் ஒருவரிடம் இந்த வாரமே பேசத் தொடங்குங்கள்.