அண்டாவின் உள்பூச்சு

பெரிய பாத்திரத்தை எடை போட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. பித்தளை அண்டா, செம்புத் தவலை, வெண்கல உருளி எதுவானாலும் கடைக்காரர் தராசில் ஏற்றிவிட்டுத்தான் விலை சொல்வார். பெண்ணுக்குச் சீர் வைத்தவர்கள் அண்டாவை அதன் எடையோடு சேர்த்தே பேசினார்கள். கையில் காசு வற்றிய மாதத்தில் அது அடகுக் கடைக்குப் போகும். அறுவடை முடிந்ததும் மீண்டு வரும். ஓட்டை விழுந்து உதவாமல் போனாலும் பழைய பித்தளை விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் உண்டு. இன்று அதே கொள்ளளவுள்ள பாத்திரம் ‘ஸ்டாக் பாட்’ என்ற பெயரில் அட்டைப் பெட்டிக்குள் வருகிறது. எத்தனை லிட்டர் என்பது பெட்டி மேல் பெரிதாக இருக்கும். நான்ஸ்டிக் என்பது அதைவிடப் பெரிதாக இருக்கும். பாத்திரம் எத்தனை கிலோ, அடி எத்தனை கனம் என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பாத்திரத்துக்கு உள்பூச்சு என்பதே நான்ஸ்டிக்கோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் அண்டாக்களுக்கு அது முன்பே இருந்தது. பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். புளியோ தயிரோ எலுமிச்சையோ பட்டு ஊறினால் செம்பு கரைந்து களிம்பு ஏறும். அந்தக் குழம்பைச் சாப்பிட்டால் குமட்டலும் வயிற்று வலியும்தான். அதனால் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசாத பித்தளையில் விவரம் தெரிந்தவர்கள் புளி விட்டுச் சமைக்க மாட்டார்கள்.

ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரி மூட்டையுமாகத் தெருவுக்கு வருவார். மர நிழலில் சின்னக் குழி வெட்டி, துருத்தியின் மூக்கை அதற்குள் விட்டுக் கரியை மூட்டுவார். முதல் வேலை தேய்ப்பது. மணலும் புளியும் போட்டு, உட்புறத்தில் கறுப்பு துளியும் தெரியாதவரை தேய்க்க வேண்டும். பிறகு அண்டாவைச் சாய்த்துச் சாய்த்து நெருப்பில் காட்டுவார். சூடு ஏறியதும் ஒரு சிட்டிகை நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று வெண்புகை கிளம்பும். மூக்கில் நெடி ஏறும். உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை நீக்கி, ஈயம் பிடிக்க இடம் கொடுப்பது அந்த நவச்சாரம்தான். புகை அடங்குவதற்குள் ஈயக் குச்சியை உள்ளே ஓர் இழுப்பு இழுப்பார். அது உருகி ஓடும். துணியை இடுக்கியில் பிடித்துச் சுற்றிச் சுற்றித் துடைக்க, மஞ்சள் பித்தளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளி மாதிரி மாறிவிடும். தண்ணீரில் முக்கினால் சுர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அண்டா மறுபடியும் புதிது.

அந்தப் பூச்சுக்கும் ஆயுள் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எனவே வெறும் அண்டாவை அடுப்பில் காயவிடக் கூடாது. தண்ணீரோ எண்ணெயோ விட்ட பிறகுதான் தீ மூட்ட வேண்டும். உள்ளே அழுத்திச் சுரண்டக் கூடாது. பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தால் மறுபடி ஈயக்காரருக்குக் காத்திருக்க வேண்டும். இந்த விதிகளை இன்றைய நான்ஸ்டிக் பாத்திரத்தோடு வரும் தாளில் அப்படியே பார்க்கலாம். காலியாகச் சூடேற்றாதீர்கள், உலோகக் கரண்டி போடாதீர்கள், பூச்சு பெயர்ந்தால் பயன்படுத்தாதீர்கள். விதிகள் மாறவில்லை. மாறியது, பூச்சு போன பிறகு நடப்பது.

இடையில் எவர்சில்வர் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். நம் வீடுகளுக்குள் அது புகுந்து நிறைய வெகுகாலம் ஆனது. சேலம் உருக்காலைக்கு 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களில் அங்கிருந்து எவர்சில்வர் தகடுகள் வெளிவந்தன. பழைய பட்டுப் புடவைக்கும் பேன்ட் சட்டைக்கும் எவர்சில்வர் பாத்திரம் என்று கூவி வந்தவர்களிடம் பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களிம்பு இல்லை, ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ரசத்தை ராத்திரி வரை அதிலேயே வைக்கலாம். பத்துப் பேர் இருந்த வீட்டில் விசேஷம் முடிந்து அத்தனை பித்தளையையும் தேய்த்துக் கவிழ்த்த பெண்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

எவர்சில்வரின் குறை அடுப்பில்தான் தெரிந்தது. அது வெப்பத்தைப் பரப்பாது. ஏறக்குறைய, பித்தளை அதைவிட ஏழு மடங்கும், அலுமினியம் பதினைந்து மடங்கும், செம்பு இருபத்தைந்து மடங்கும் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் அண்டாவில் பாயசம் வைத்தால், பர்னரின் ஜுவாலை படும் வட்டத்தில் மட்டும் அடிப்பிடிக்கும். ஓரத்தில் பால் இன்னும் கொதி வராமல் இருக்கும். இதற்கு மருந்தாக அடியில் செம்பு முலாம் போட்டுக் கொடுத்தார்கள். அந்த முலாம் மிக மெல்லியது; அழகுக்கு உதவிய அளவு சமையலுக்கு உதவவில்லை.

அடிப்பிடிப்பதற்கு விடையாகத்தான் நான்ஸ்டிக் கைக்கு வந்தது. அதன் வழுவழுப்புக்குக் காரணமான டெஃப்லானை 1938இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். 1950களில் பிரான்ஸின் மார்க் கிரெகுவார் அதைச் சமையல் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தார். 260 டிகிரிக்கு மேல் போனால் அது சிதையத் தொடங்கும். காலிப் பாத்திரம் முழுத் தீயில் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். அதிகமாகக் காய்ந்த பூச்சிலிருந்து வரும் ஆவி கூண்டுக் கிளியைக் கொன்றுவிடக்கூடியது. அடுக்களையில் பறவை வளர்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. முன்பு இந்தப் பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளை அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளர்கள் 2015க்குள் கைவிட்டார்கள். அந்த அளவில் இன்றைய பூச்சு முன்னைவிட நல்லது. ஆனால் அது தேய்ந்து பெயர்ந்தபின் மரத்தடியில் குழி வெட்டிப் பூசித் தர யாரும் வரப்போவதில்லை. உள்ளே ஒரு தாள் கனத்துக்கும் குறைவான பூச்சு போனால், வெளியே இருக்கும் கிலோக்கணக்கான நல்ல உலோகமும் சேர்ந்து பரணுக்குப் போகிறது. எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்.

பெரிய பாத்திரத்துக்கு நான்ஸ்டிக் வேண்டுமா? வேண்டாம் என்பது என் முடிவு. அதில் நாம் செய்வது சாம்பார், ரசம், எலும்பு சூப், காய்கறி வேகவைத்த சாறு. எல்லாம் தண்ணீரில் கொதிப்பவை. 100 டிகிரியைச் சுற்றியே நிற்பவை. ஒட்டுவதற்கு அங்கே வேலையே இல்லை. ஒட்டுவது முதல் பத்து நிமிடம், வெங்காயமும் கறியும் வதங்கும்போதுதான். அதற்குப் பழக்கம் போதும். வெறும் எவர்சில்வரை நடுத்தரத் தீயில் சூடாக்குங்கள். தெளித்த தண்ணீர்த் துளி ஆவியாகாமல் முத்தாக உருண்டு ஓடும்போது எண்ணெய் விடுங்கள். கறியைப் போட்டபின் உடனே கிளறாமல் விட்டால், சிவந்ததும் தானே விட்டுவரும். அடியில் ஒட்டிய செந்நிறப் பொருக்கு தண்ணீர் ஊற்றியதும் கரைந்து சூப்புக்கு ருசி சேர்க்கும். நான்ஸ்டிக்கில் அந்தப் பொருக்கே சரியாகப் பிடிக்காது. பாலும் பாயசமும் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கும் கனமான அடிதான் முதல் காவல்.

ஆகவே அடியைப் பாருங்கள். இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்த பாத்திரங்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த மூவடுக்கு பக்கவாட்டிலும் ஏறியிருந்தால் ட்ரைப்ளை. அடியில் மட்டும் இருந்தால் சாண்ட்விச் பாட்டம். பத்து லிட்டர் பாத்திரத்துக்குச் சாண்ட்விச் அடியே போதும், ஏனென்றால் கொதிக்கும் தண்ணீரே சூட்டை மேலே கொண்டுபோய்விடும். ட்ரைப்ளைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வாணலியில் பலன் தரும்.

காந்தச் சோதனை இன்னொரு வேடிக்கையான மாற்றம். அன்றைக்குக் கடையில் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டச் சரக்கு என்று ஒதுக்கினார்கள். இன்று இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள், அடியில் காந்தம் ஒட்டினால்தான் வாங்க வேண்டும். உட்புறத்துக்கு அந்தச் சோதனை முழுதாக உதவாது. நிக்கல் குறைந்த 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 தரமா என்று கேட்டு வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024இல் ஆணை பிறப்பித்தது. அதற்கான தர எண் ஐ.எஸ். 14756.

கைப்பிடி ரிவெட் அடித்ததாக இருக்கட்டும். பத்து லிட்டர் சூப் என்றால் பத்துக் கிலோ, பாத்திரத்தோடு இன்னும் இரண்டு மூன்று கிலோ. அதைக் கொதிக்கக் கொதிக்க ஒருவர் தூக்கவே கூடாது. உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்கி, சின்னச் சின்னக் குழிகளை அரித்துவிடும்.

ஆற வைப்பதும் அன்றுபோல் இல்லை. அன்று அண்டாவில் சமைத்தது பந்தியிலேயே தீர்ந்துவிடும். இன்று பாதியைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒதுக்குகிறோம். பெரிய பாத்திரம் நிறைய உள்ள சாம்பாரும் சூப்பும் நடுவில் ஆற மணிக்கணக்காகும். கொதியில் சாகாத சில கிருமி வித்துகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வையுங்கள்.

பரணில் பாட்டியின் பித்தளை அண்டா இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கும்பகோணம் போன்ற ஊர்களில் பித்தளைப் பாத்திரக் கடைகளில் விசாரித்தால் ஈயம் பூசுகிறவர்களுக்கு வழி சொல்வார்கள். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: பூசுவது சுத்த வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.