குர்மிடோலாவில் கதவு திறந்த வாரம்



'அரசியல் கைதிகளை விடுதலை செய்' என்ற முழக்கத்தை நாம் பலமுறை எழுப்பியிருக்கிறோம். மனு, ஆட்கொணர்வு, ஜாமீன் என்று ஆண்டுக்கணக்கில் அலைகிறோம். அந்த முழக்கம் ஒருமுறை மக்கள் எழுச்சியால் பலித்தது. 1969 பிப்ரவரி, அன்றைய கிழக்கு பாகிஸ்தான். அது எப்படி நடந்தது என்று மட்டும் இன்று சொல்கிறேன்.

1958 முதல் அயூப்கானின் ஆட்சி. இந்தியாவின் உதவியோடு கிழக்கு வங்கத்தைப் பிரிக்கச் சதி செய்ததாக 1968இல் 35 பேர் மீது அரசு வழக்குப் போட்டது. அகர்தலா சதி வழக்கு என்று அதற்குப் பெயர். முதல் எதிரி ஷேக் முஜிபுர் ரஹ்மான். வரலாறு பெரும்பாலும் அவரோடு நின்றுவிடுகிறது. மற்றவர்களில் பலர் முப்படைகளின் கீழ்நிலை ஊழியர்கள். சார்ஜெண்டுகள், கார்ப்பொரல்கள், கப்பற்படை ஸ்டூவர்டு. ஜூன் 19 அன்று டாக்காவின் குர்மிடோலா ராணுவக் குடியிருப்புக்குள் சிறப்பு நீதிமன்றம் கூடியது.

அரசு இங்கேதான் தடுக்கி விழுந்தது. விசாரணை நடவடிக்கைகளை நாளேடுகள் அன்றாடம் வெளியிட்டன. 'துரோகிகள்' அம்பலப்படுவார்கள் என்று ஆட்சியாளர்கள் நினைத்திருக்க வேண்டும். அப்ரூவர்களில் சிலரோ கூண்டில் ஏறி, அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று பிறழ்ந்தார்கள். அம்பலப்பட்டது அரசு.

1969 ஜனவரியில் மாணவர் அமைப்புகள் ஒன்றுகூடி 11 அம்சக் கோரிக்கையை வைத்தன. சுயாட்சி, விவசாயிகளின் வரிக் குறைப்பு, தொழிலாளர் கூலி ஆகியவற்றோடு, கைதிகள் விடுதலையும் அகர்தலா வழக்கை வாபஸ் பெறுவதும் அதில் இருந்தன. இந்தச் சேர்க்கையைக் கவனியுங்கள். கைதிகளுக்காகத் தனியாக ஒரு இயக்கம் நடக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக் கோரிக்கையோடு சிறைக் கோரிக்கையும் ஒரே தாளில் இருந்ததால்தான் ஆலைத் தொழிலாளியும் தெருவுக்கு வந்தார்.

ஜனவரி 20 அன்று விவசாயிகளை அணிதிரட்டி வந்த மாணவர் ஆசாத் சுடப்பட்டார். அவருடைய ரத்தச் சட்டையை ஊர்வலத்தில் ஏந்திச் சென்றார்கள். 24ஆம் தேதி பள்ளி மாணவன் மதியுர் ரஹ்மான் பலியானான்.

பிப்ரவரி 15 அதிகாலை. ராணுவக் காவலில் இருந்த 17ஆம் எதிரி சார்ஜெண்ட் ஜஹூருல் ஹக் காவலர்களின் தோட்டாவுக்கு இரையானார். தப்பியோட முயன்றார் என்றது அரசு. இந்த வாசகத்தை நமக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மறுநாள் அவர் உடலோடு மக்கள் திரண்டார்கள். சிறப்பு நீதிமன்றத் தலைவர் தங்கியிருந்த விருந்தினர் மாளிகை எரிந்தது. அவர் தப்பி ஓடினார். நீதிபதி ஓடிய பிறகு வழக்கு ஏது? 18ஆம் தேதி ராஜஷாஹி பல்கலைக்கழகத்தில், மாணவர்களைச் சுடவேண்டாம் என்று குறுக்கே நின்ற ஆசிரியர் ஷம்சுஸ்ஸோஹா கொல்லப்பட்டார். செய்தி எட்டியதும் டாக்காவில் ஊரடங்கை மீறி இரவிலேயே மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

அயூப்கான் வட்டமேசை மாநாட்டுக்கு அழைத்தார். முஜிபுரைப் பரோலில் அனுப்பலாம் என்று பேச்சு நடந்தது. பரோலில் போனால் அவர் கைதியாகவே பேசியிருப்பார். வழக்கும் மற்ற 33 பேரும் அங்கேயே கிடந்திருப்பார்கள். அவர் மறுத்துவிட்டார். அவர் மனைவி ஃபசிலதுன்னிஸா இதில் உறுதியாக நின்றார். பிப்ரவரி 22 அன்று வழக்கு வாபஸானது. எல்லோரும் வெளியே வந்தார்கள். மறுநாள் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் முஜிபுருக்கு 'வங்கபந்து' என்ற பட்டம். மார்ச் 25இல் அயூப்கான் பதவியை விட்டார். யாஹியாகானின் ராணுவச் சட்டம் வந்தது.

அந்த மைதானத்து வெளிச்சத்துக்கு வெளியே இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். நமக்கு அவர்கள்தான் நெருக்கமானவர்கள். கிழக்கு வங்கச் சிறைகள் 1948இலிருந்தே குத்தகை விவசாயிகளாலும் பழங்குடிகளாலும் கம்யூனிஸ்டுகளாலும் நிரம்பியிருந்தன. 1950 ஜனவரியில் நாச்சோல் சந்தால்கள் மீது காவல்துறை பாய்ந்தது. பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் ஜோகேந்திரநாத் மண்டல், அண்ணலை வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பத் துணைநின்ற அதே மண்டல், அந்த அக்டோபரில் எழுதிய ராஜினாமா கடிதத்தில் நாச்சோலையும் குறிப்பிட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 24 அன்று ராஜஷாஹி சிறையின் காப்ரா வார்டில் 7 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாதாரணக் கைதிகளை மாட்டுக்குப் பதில் செக்கில் பூட்டக்கூடாது என்பதும் அங்கே நடந்த போராட்டத்தின் ஒரு கோரிக்கை. வ.உ.சி.யை அறிந்த நமக்குச் செக்கு புதிதல்ல. அவருக்காவது பெயர் உண்டு. ராஜஷாஹியில் செக்கிழுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் ஒட்டப்படவில்லை.

ஹாஜோங் பழங்குடிகளின் டங்கா குத்தகை எதிர்ப்புப் போராட்டத்தை நடத்திய மணிசிங்கும் 1969 பிப்ரவரி விடுதலையில் வெளியே வந்தவர். ஜூலையில் புதிய ராணுவ ஆட்சி அவரை மறுபடி பிடித்தது. அதற்குள் தெரு அடங்கியிருந்தது; மைதானம் கூடவில்லை. 1971 ஏப்ரலில், விடுதலைப் போர் தொடங்கியபின், ராஜஷாஹி சிறை உடைக்கப்பட்டபோதுதான் அவர் வெளியே வந்தார்.