கோல் காவலர் தங்கராஜ்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலாயினும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து விளையாட்டுத் திடலிலாயினும், மாலை வேளையில் மாணவர்கள் கால்பந்தாட்டத்துக்கு அணி பிரிக்கும் முறை ஒன்றுதான். விரைந்து ஓடக்கூடியவர்கள் முன்வரிசைக்குப் போவார்கள். பந்தை வலுவாக உதைக்கத் தெரிந்தவர்கள் பின்வரிசையில் நிற்பார்கள். எஞ்சி நிற்பவனைப் பார்த்து, "நீ போய்க் கோலில் நில்" என்று சொல்லிவிடுவார்கள். ஆட்டத்தின் நடுவே பந்தைக் கையால் பற்றும் உரிமை பதினொருவரில் ஒருவருக்கே உண்டு. அந்த ஒருவரின் இடத்தை வேண்டாதவனுக்கு ஒதுக்குவது எத்துணைப் பிழை என்பதைப் பீட்டர் தங்கராஜ் என்னும் பெருவீரரின் ஆட்ட வாழ்க்கை நமக்கு எடுத்துக்காட்டுகிறது.

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். இளமையில் செகந்தராபாத்தின் சங்கங்களில் ஆடினார். 1953இல் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி நிலையத்தின் அணியில் இடம் பெற்றார். அங்கே அவர் முதலில் ஆடியது கோல் காக்கும் இடத்தில் அன்று. கோல் அடிக்கும் இடத்தில். முன்வரிசையின் நடுவே நிற்கும் 'சென்டர் பார்வர்டு' ஆகத் தொடங்கி, பின்னரே அவர் கோல் கம்பங்களுக்கு இடையே வந்து நின்றார்.

இந்த மாற்றம் சிந்திக்கத்தக்கது. பந்தோடு ஓடி வருபவன் எந்தக் கணத்தில் தலை நிமிர்ந்து பார்ப்பான், எந்தப் பக்கம் உடலைச் சாய்ப்பான், எப்போது அவசரப்படுவான் என்பவற்றைத் தானும் அவ்வாறு ஓடி வந்தவனே நன்கு அறிவான். கோல் காப்பவனுக்கு இவ்வறிவு கண்ணும் கையும் போல இன்றியமையாதது. ஏன் என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம்.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து, 11 மீட்டர் தொலைவிலுள்ள பெனால்டிப் புள்ளியிலிருந்து கோலை அடைய ஏறத்தாழ 0.4 நொடி போதும். ஒன்றைக் கண்டு உடல் அசையத் தொடங்குவதற்கே மனிதனுக்கு 0.2 நொடி அளவு கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில் மூன்றரை மீட்டருக்கு மேல் பாய்ந்து மூலைப் பந்தைத் தடுப்பது எளிதோ? ஆகவே, பந்து புறப்பட்ட பின் பாய்வது கோல் காவலரின் கலையில் பாதிதான். பந்து புறப்படும் முன்னரே நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதே மற்றைப் பாதி.

பந்து கோலுக்கு நேரே 20 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். கோட்டின்மேல் நிற்பவர் 7.32 மீட்டர் அகலத்தையும் காக்க வேண்டும். அவர் 5 மீட்டர் முன்னே வந்து நின்றால், வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி, காக்க வேண்டிய அகலம் 5.49 மீட்டராகக் குறைகிறது. ஆயினும் மிகவும் முன்னே வந்துவிட்டால், பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிவிடுவார்கள். எவ்வளவு முன்னே வருவது, எப்போது வருவது என்பது ஒவ்வொரு கணமும் செய்ய வேண்டிய முடிவு. தங்கராஜ் நெடிய உருவமும் நீண்ட கைகளும் உடையவர். அவ்வுடலமைப்பு அவருக்குத் துணை செய்தது உண்மையே. ஆயினும் உயரமானவர்கள் எல்லாரும் தங்கராஜ் ஆகிவிடுவதில்லை.

அவர் ஆடத் தொடங்கிய காலத்தையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்ற கணக்கில் தோற்றனர். அதன் பின்னரே நம் நாட்டில் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1956இல், மெல்போர்னில் இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று அரையிறுதியை எட்டியது. ஒலிம்பிக் கால்பந்தில் அந்த நிலையை அடைந்த முதல் ஆசிய நாடு இந்தியாவே. அரையிறுதியில் எதிர்ப்பட்டதும் அதே யூகோஸ்லாவியாதான். தோல்விதான், ஆனால் கணக்கு 4–1. மெல்போர்ன் சென்ற அணியின் இரு கோல் காவலர்களில் ஒருவர் எஸ்.எஸ். நாராயண், மற்றவர் இருபது வயதே நிரம்பியிருந்த தங்கராஜ். 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்கும் அவர் சென்றார்.

இதற்கிடையே 1955இலும் 1958இலும் அவருடைய மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி நிலைய அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1960இல் அவர் தலைமையில் படைப்பிரிவு அணி சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. ஆயினும் அவருடைய பணியின் இயல்பை உள்ளவாறு விளக்குவது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டமே.

அவ்வாண்டு இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காமையை இந்தியாவின் ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அதனால் அந்நகரத்து மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். செப்டம்பர் 4ஆம் நாள், அரங்கில் நிறைந்திருந்த பெருங்கூட்டம் நம் அணியை எதிர்த்துக் கூச்சலிட்டது. எதிரே நின்றதோ தென் கொரியா. தொடக்கச் சுற்றில் நம்மை 2–0 என வென்றிருந்த அணி. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அன்று கோலில் நிறுத்தியது தங்கராஜை. 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், 20ஆம் நிமிடத்தில் தலையில் காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். கொரியர்கள் தங்கள் ஒரே கோலை அடித்தது 85ஆம் நிமிடத்தில். இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது. ஆசியப் போட்டிக் கால்பந்தில் 1951க்குப் பின் நமக்குக் கிடைத்த தங்கம் அது. அதற்குப் பின் மற்றொன்று கிட்டவில்லை.

மாணவர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். 17, 20, 85 என்னும் மூன்று எண்களும் ஏட்டில் ஏறியிருக்கின்றன. 20க்கும் 85க்கும் இடையே உள்ள அறுபத்தைந்து நிமிடங்களுக்கு ஏட்டில் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை' என்பதுதான் தங்கராஜும், அவருக்கு முன்னே நின்ற அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் ஆகிய தடுப்பாளர்களும் செய்த வேலை. அடித்த கோலுக்குக் கணக்கு உண்டு. நிகழாமற்போன கோலுக்குக் கணக்கு எழுதுவார் இல்லை.

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் அன்று. மெல்போர்னில் சோவியத் அணிக்குக் கோல் காத்துத் தங்கம் வென்ற லெவ் யாஷின், 1963இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்தைப் பெற்றார். ஆடவருக்கான அப்பரிசைப் பெற்ற கோல் காவலர் இன்றுவரை அவர் ஒருவரே. ஹாக்கியிலும் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை இந்தியா 1–0 என வென்றது. அந்த 'ஒன்று' மொகிந்தர் லால் அடித்தது. அந்தப் 'பூஜ்ய'த்தைக் காத்தவர் சங்கர் லட்சுமண். ஒன்றைக் கொண்டாடுவோர் பூஜ்யத்தை மறந்துவிடுகின்றனர். அயர்லாந்து மக்கள் மட்டை கொண்டு ஆடும் ஹர்லிங் ஆட்டத்திலும் சிறு பந்தைத் தடுக்க ஒருவர் கோலில் காத்து நிற்கிறார். ஆட்டம் மாறினும் அவ்விடத்தின் தனிமை மாறுவதில்லை.

தங்கராஜுக்குச் சிறப்புகள் வாராமலில்லை. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காவலராக மதிக்கப்பெற்றார். 1967இல் அருச்சுனா விருது பெற்றார். ஜகார்த்தாவில் முதற்கோல் அடித்த பானர்ஜிக்கு அவ்விருது 1961இலேயே வந்துவிட்டது என்பதையும் குறிப்பிடலாம். கல்கத்தாவில் ஒன்றையொன்று எதிர்க்கும் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று சங்கங்களும் அவரை அடுத்தடுத்து அழைத்துக்கொண்டன. ஓர் ஆட்டக்காரரின் மதிப்பை அவரை எதிர்த்து ஆடியவர்களே நன்கு அறிவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 1971 வரை ஆடிய அவர், 2008ஆம் ஆண்டு நவம்பரில் பொகாரோ நகரில் காலமானார்.

கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடியவர். இம்மாவட்டத்திலிருந்து நாட்டின் அணிக்குச் செல்லும் வழி திறந்தே இருக்கிறது என்பதற்கு அவரே சான்று. கோல் காக்கும் இடத்துக்கும் ஒருவரோ ஒருத்தியோ இங்கிருந்து ஏன் புறப்படக்கூடாது? பாய்ந்து விழப் பழகுவதற்குத் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலைவிட நல்ல களம் வேறு வேண்டுமோ? கோணத்தைக் குறைக்கும் கணக்கை இரண்டு கற்களும் ஒரு கயிறும் கொண்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை அணி பிரிக்கும்போது, கோலில் யார் நிற்பது என்பதைக் கடைசியில் அன்று, முதலில் முடிவு செய்யுங்கள்.